ஒற்றைச் சில்லும் சுவாமியாரின் சப்பாத்தும்

யேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
9-6-1974.

அன்புள்ள தம்பி எமிலியானுசுக்கு,

உன் மூத்த அக்கா ஞானசவுந்தரி எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நீ கப்பலில் நல்ல சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்படியே இரு. கரைக்கு வரும்போது என் கையால் உனக்குக் கிடைக்க இருப்பதைத் தாங்க உடம்பில் பலம் வேண்டும். இங்கே நானும் உன் அத்தான் இன்னாசித்தம்பியும் உன் மருமகள் மேரிறோசும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதே.

தை மாதம் நான் உனக்கு எழுதியது என்ன? மேரிறோசுக்குச் சரவணையில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது, காலைப் பஸ் நினைத்தால் வரும் நினைக்காவிட்டால் வராது, அத்தானின் பழைய சைக்கிள் உப்புக்காற்றில் கறள் பிடித்து இரண்டாய் முறிந்துபோனது, புதுச் சைக்கிள் இப்போது இங்கே கண்ணாலும் காணக் கிடைக்காது, ஆகையால் நீ போகிற துறைமுகம் எதிலாவது பெண்பிள்ளைகள் ஓடுகிற சைக்கிள் ஒன்று வாங்கி அனுப்பு என்று எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். பெட்டி வந்தது. அயல் முழுவதும் புதினம் பார்க்கக் கூடிநிற்க, உன் அத்தான் ஆணிகளைப் பிடுங்கி, வைக்கோலைக் கிளறிக் கிளறி எடுத்தார். ரயர் போட்ட ஒரு சில்லு, அதைப் பிடிக்கிற ஒரு கவை, கவையின் தலையில் ஒரு சீற், இரண்டு பக்கமும் இரண்டு பெடல். அவ்வளவுதான். மற்றச் சில்லைக் காணவில்லை, ஹாண்டிலைக் காணவில்லை, பிறேக்கைக் காணவில்லை. பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "உன்ரை தம்பி தவணை முறையிலை அனுப்புறார் போலை கிடக்கு" என்றாள். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

மிச்சத்தைத் துறைமுகத்தில் யாரோ சுருட்டிவிட்டார்கள் என்று உன் அத்தான் இரயில் ஏறிக் கொழும்புக்கே போனார். சுங்கக் கந்தோரில் இருந்த ஓர் அதிகாரி இவரைக் கதிரையில் இருத்தி, "ஐயா, இதுக்கு ஒரு சில்லுதான்" என்று சொல்லியிருக்கிறார். "அப்ப மற்றச் சில்லுக்கு என்ன நடந்தது?" "மற்றச் சில்லே கிடையாது ஐயா. வெள்ளைக்காரர் இதிலை ஏறி ஓடுவினம்." "என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு?" "ஒண்டையும் பிடிக்கிறேல்லை." இவர் திரும்பி வந்து, குளிக்காமல் சாப்பிடாமல், முற்றத்தில் அதற்கு முன்னால் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது உன் பகிடி என்று. சின்ன வயதில் என் செபமாலையை நண்டின் காலில் கட்டி விட்டவன்தானே நீ! அக்கா ஒரு சாமான் கேட்டால் பாதியை அனுப்பிவிட்டுக் கப்பலில் இருந்து சிரிக்கிற விசரனை நான் உலகத்தில் வேறெங்கும் கண்டதில்லை.

அதைத் தூக்கி மதிலோரம் எறிந்தேன். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாசமாய்ப்போன அந்தப் பஸ் வைகாசியில் அடிக்கடி வராமல் விட்டது. பிள்ளை நடந்தும் ஓடியும் போய் மணி அடித்த பிறகு சேர்ந்தாள். தலைமையாசிரியர் மயில்வாகனம் ஒருநாள் கூப்பிட்டு, "ரீச்சர், இன்னொருக்காப் பிந்தினால் உங்களை நெடுந்தீவுக்கு மாத்தச் சொல்லி எழுதுவன். அங்கை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கலாம்" என்றாராம். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுக்கு வள்ளம் ஓடாது என்பதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அன்று இரவு நான் குசினிக்குள் நின்று அழுதேன். அவள் அழவில்லை. மறுநாள் பின்னேரம் மதிலடியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்க்கிறேன், என் மகள் சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு கையால் மதிலையும் மற்றக் கையால் தகப்பனின் தலைமயிரையும் பிடித்துக்கொண்டு அதன் மேல் இருக்கிறாள்.

"இறங்கடி கீழை!" என்றேன்.

"இறங்கத் தெரியேல்லை அம்மா" என்றாள்.

தம்பி, ஒரு சில்லில் ஏறுவதற்குக் காலில் என்ன போடுவது என்று நீ ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கலாம்தானே? முதலில் வெறுங்காலோடு ஏறினாள். நீ அனுப்பிய பெடலில் சுற்றிவர இரும்புப் பல். பல் உள்ளங்காலைக் கிழித்தது. கால் வழுக்கினால் பெடல் சுழன்று வந்து முன்கால் எலும்பில் கடித்தது. காலில் துணி சுற்றிக்கொண்டு திரிந்தவளைப் பார்த்து, நாய் கடித்ததா என்று சனம் கேட்டது. உடனே உன் அத்தான், "இரும்பு கூடாது, இறப்பர்தான் வேணும்" என்று முறிந்த சைக்கிளில் இருந்த இறப்பர் பெடலைக் கழற்றிப் பூட்டினார். அதோடு சீற்றையும் கழற்றி, அவளுக்கு அளவாய்ப் பதித்துப் பூட்டினார். இறப்பர் கடிக்காது, உண்மைதான். ஆனால் காலைப் பனியில் நனைந்தால் விரால் மீனைப் போல வழுக்கும். இறப்பர் செருப்புப் போட்டாள். செருப்பு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், சில்லு செபஸ்தியம்மாவின் வேலிக்குள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற குதி உயர்ந்த சப்பாத்து. அந்தக் குதிக்கும் அடிக்கும் நடுவிலே பெடல் போய் இறுகிவிட்டது. விழும்போது காலை எடுக்க ஏலாமல், மரம் சாய்வதைப் போல அப்படியே சாய்ந்தாள். நான் வைத்த கூக்குரலுக்குக் கடற்கரையில் வலை இழுத்தவர்கள் வலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "இஞ்சை பாரும், கத்தாதையும், அடுத்ததைப் பாப்பம்" என்று சொல்லி உன் அத்தான் அலுமாரியைத் திறந்து, தன் கலியாணச் சப்பாத்தை எடுத்து, தும்பு அடைத்து அவளுக்குப் போட்டுவிட்டார். தோல் அடி, கண்ணாடி போல மினுங்குகிறது. அதில் ஏறினவள் எப்படி விழுந்தாள் என்று எழுத என் கை வரவில்லை.

கடைசியில் தகப்பனும் மகளும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். பல் உள்ள பெடல்தான் வேண்டும், ஆனால் பல்லின் கூரை அரத்தால் ராவ வேண்டும். சப்பாத்துக்குக் குதி இருக்கக்கூடாது, அடி தட்டையாக இருக்கவேண்டும், பல் பிடிக்க மெத்தென்ற இறப்பர் வேண்டும். அதாவது கன்வஸ் சப்பாத்து. அது கடைகளில் இல்லை. ஊரிலே அது யாரிடம் இருக்கிறது? பெடியளோடு பட்மின்டன் விளையாடுகிற எங்கள் பங்குச் சுவாமியாரிடம்! உன் அத்தான் வெட்கமில்லாமல் போய்க் கேட்டிருக்கிறார். "ஆருக்கு, இன்னாசித்தம்பி?" "மகளுக்குச் சுவாமி." "பட்மின்டன் பழகுறாவோ?" "இல்லைச் சுவாமி, ஒற்றைச் சில்லு." சுவாமியார் அங்கேயே குனிந்து காலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாராம். அளவு பெரிது என்று, காலுறையாக மேசோட்டின் மேல் மேசோடு போட்டு அவள் அதை அணிந்தாள். முதல் நாள் சப்பாத்து நாடா பெடல் தண்டில் சுற்றிக் காலை இழுத்தது. பிறகு நாடாவை உள்ளே செருகப் பழகினாள். நான்தான் இப்போது பாவசங்கீர்த்தனத்துக்குப் போக ஏலாமல் நிற்கிறேன். போனால் கண் தானாகவே சுவாமியாரின் வெறுங்காலுக்குப் போகிறது.

இதற்கிடையில் ஒவ்வொரு பின்னேரமும் பெடல் இளகும், உன் அத்தான் இறுக்குவார். "சீமைச் சாமான் எங்கடை உப்புக்காத்துக்குப் பழகேல்லை" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை பஸ் வரவில்லை. மேரிறோஸ் சேலைக்குள்ளே தகப்பனின் காற்சட்டையைப் போட்டு, சேலையை இடுப்பிலே சுற்றிக் கட்டி, பையை முதுகிலே மாட்டி, றோட்டிலே ஏறிவிட்டாள். நான் வழியை மறித்தேன். "அம்மா, விலகுங்கோ, இதுக்குப் பிறேக் இல்லை" என்றாள். விலகினேன். வேறென்ன செய்ய? யாழ்ப்பாணத்துக்குப் போகிற மீன் வான் அந்த நேரம் வந்தது. அதை மறித்து, சாரதிக்குப் பக்கத்தில் நானும் உன் அத்தானும் ஏறிக்கொண்டோம். அள்ளிக்கொண்டு வருவதற்கு ஒரு போர்வையும் எடுத்துப் போனேன். றோட்டு நெடுக எனக்கு முன்னால் என் பிள்ளை இரண்டு கையையும் கடற்காகம் போல விரித்துக்கொண்டு போகிறாள். வயல்களில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். நான் மரியே வாழ்க சொல்லிக்கொண்டு உன்னைத் திட்டினேன், திட்டிக்கொண்டு மரியே வாழ்க சொன்னேன்.

சரவணைக்குக் கிட்ட ஒரு மதகடியில் ஒரு பெடல் கழன்று றோட்டில் விழுந்தது. நான் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் பிள்ளை இரண்டு காலிலும் நிற்கிறாள். தட்டைச் சப்பாத்துத்தான் காப்பாற்றியது. இறங்கி ஓடினேன். "ஓடினது காணும், இனி நட" என்றேன். அவள் கேட்கவில்லை. மதகிலே குந்தியிருந்து பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தகப்பனைக் கூப்பிட்டாள்.

"ஐயா, இதிலை இடதெண்டு அடையாளம் வெட்டியிருக்கு. ஆனால் இது என்ரை வலப் பக்கத்திலை இருந்து விழுந்தது."

"அதுக்கு?"

"சீற்றை நீங்கள் முன்பின் மாத்திப் பூட்டிப்போட்டியள். நான் இவ்வளவு நாளும் பின்பக்கமாய் ஓடியிருக்கிறன். புரி மறுவளமாய்ச் சுத்துப்பட்டு, மிதிக்க மிதிக்கப் பெடல் தானாய்க் கழலுது."

நான் உன் அத்தானைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

வான்காரரிடம் ஸ்பானர் சாவி வாங்கிச் சீற்றைத் திருப்பிப் பெடலை இறுக்கினார்கள். மறுபடி ஏறினாள். பள்ளிக்கூட வாசலில் அவள் குதித்து இறங்கியபோது மணிக்காரர் மணியில் கை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். மயில்வாகனம் வந்தார். "ரீச்சர், இதென்ன கோலம்? இது பள்ளிக்கூடமோ சேர்க்கஸோ? வாறதெண்டால் ஒழுங்கான வாகனத்திலை வாருங்கோ" என்றார். நான் அவளைத் திட்டுவதற்காகத்தான் வானை விட்டு இறங்கினேன், சத்தியமாக. ஆனால் வாய் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"மாஸ்ரர், உங்கடை ஒழுங்கான பஸ்ஸுக்கு ஆறு சில்லு. அது வரேல்லை. என்ரை பிள்ளை ஒரு சில்லிலை வந்திட்டாள். மணி அடிச்சதோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ!"

முழுப் பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிள்ளையின் முன்காலில் இருந்த காயங்களைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் அடிக்கேல்லை. உள்ளை போங்கோ ரீச்சர்" என்றார். நெடுந்தீவு மாற்றம் என்ற கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. எனக்கோ மீன் மணக்கிற சேலையோடு நடு வாசலில் நின்று கத்தின வெட்கம் இன்னும் போகவில்லை. இவ்வளவுக்கும் காரணம் யார்? நீ. ஆகையால் உன் சாமானை நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. வராவிட்டால் நான் அதைக் கோட்டையடிக் கடலில் போடுவேன். இனிமேல் எனக்கு நீ ஒரு குண்டூசியும் அனுப்பவேண்டாம்.

பூசைக்குப் போ, கடலில் கவனமாக இரு. அந்தோனியார் உனக்குப் புத்தியையும், அதற்குப் பிறகு ஆயுளையும் தரட்டும். அத்தானும் மருமகளும் உன்னை விசாரிக்கச் சொன்னார்கள், நான் சொல்லவில்லை.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா ஞானசவுந்தரி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம், உன் கப்பலில் இருந்து லீவில் வந்த தம்பிஐயா படலையில் வந்து நிற்கிறான். "அக்கா, பெட்டி மாறிப்போச்சு. அது எங்கடை கப்பல் சமையல்காரன்ரை சில்லு. உங்கடை லேடீஸ் சைக்கிள் அவனிட்டைப் போயிட்டுது. அவன் சோறும் ஆக்காமல் அழுதுகொண்டிருக்கிறான். கையோடை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி எமில் அண்ணை விட்டவர்" என்கிறான். நான் நல்ல மரியாதையாக அவனை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, "ஐயோ தம்பி, அது அண்டைக்கே கிணத்துக்கை விழுந்து துலைஞ்சு போச்சு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மேரிறோஸ் அவனுடைய முதுகுக்குப் பின்னால் படலையால் அதே சில்லை மிதித்துக்கொண்டு வருகிறாள். அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இது வேறை" என்றேன். சமையல்காரனுக்குப் பாரைக் கருவாடு ஒரு பொதி கொடுத்துவிடுகிறேன். அந்தச் சைக்கிளை அவனே ஓடட்டும். நீ எனக்கு உடனே அனுப்பவேண்டியது ஒரு சோடி பல் பெடல், கூர் குறைந்தது, இடம் வலம் சரியாய்ப் பார்த்து. கன்வஸ் சப்பாத்து, அடி தட்டை, நாடா நீளமில்லாமல் கட்டை. அவளுக்கு ஆறாம் அளவு. அத்தான் இன்று காலை மதிலைப் பிடித்துக்கொண்டு சில்லின் மேல் நின்றார், அவருக்கு ஒன்பது.