டிஸ்க்குக்கு ஓர் அதிகாரி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்க சாதனை, பிறப்பு இறப்புப் பதிவகத்துக்குப் புதுச் சேமிப்புப் பெட்டி வந்ததுதான். உள்ளே ஐந்து டிஸ்க்குகள். பதினொரு மணிக்குத் தலைமையகத்துப் பெரியவர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. பத்தேகாலுக்கு இயக்குநர் எட்டிப் பார்த்தபோது திரையில் 'ஒத்திசைவு: 4%' என்றிருந்தது.

பெட்டிக்குப் பொறுப்பான கணினிக்காரி எழுந்து நின்றாள். அவளுடைய தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஒன்பதே நாள். அதுவரை யாரிடமும் வாயைக் கொடுக்காதே என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"எப்பம்மா முடியும்?"

"ராத்திரி பன்னெண்டு ஆகும் சார்."

"காலிப் பெட்டிதானே? காலிக்கும் காலிக்கும் என்ன ஒத்திசைவு?"

"காலின்னு நாமதான் சொல்றோம் சார். உள்ள ஃபேக்டரில சோதிச்ச குப்பை இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு மாதிரி. அஞ்சும் முதல்ல ஒரு கணக்குக்கு வந்துட்டா, அப்புறம் ஒண்ணு செத்தாலும் மத்த நாலையும் கேட்டு அதுல என்ன இருந்ததுன்னு எழுதிடலாம். வராம விட்டா, நாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லும்."

இயக்குநர் முடிவெடுக்கத் தயங்குகிறவர் அல்லர். அந்த நிமிடமே 'ஒத்திசைவு உறுதிக் குழு' அமைத்தார். டிஸ்க்குக்கு ஒருவராக ஐந்து பிரிவு அதிகாரிகள். ஆளுக்கொரு பச்சை விளக்கைக் கனிவோடு பார்த்துவிட்டு, 'ஐந்தும் ஒத்துப்போயின, நேரில் கண்டோம்' என்று கையெழுத்திட்டார்கள். மூன்றாமவர் மட்டும் தம் டிஸ்க் கொஞ்சம் சுடுகிறது என்றார். அது உழைப்பின் அடையாளம் என்று குழு தீர்மானித்தது.

"இப்ப பெட்டிகிட்டயும் சொல்லிடு" என்றார் இயக்குநர்.

"'ஒத்துப்போச்சுன்னு வச்சுக்கோ'ன்னு ஒரு கட்டளை இருக்கு சார். கொடுத்தா நம்பிடும். ஆனா..."

"பெட்டியே நம்புது. நீ எதுக்கும்மா 'ஆனா' போடறே? உன் நிரந்தர ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு."

அக்காவை நினைத்துக்கொண்டு தட்டினாள். பெட்டி நம்பியது. பெரியவர் ரிப்பன் வெட்டினார். பதிவேடுகளையெல்லாம் புதியதில் ஏற்றி, பழைய பெட்டியைக் கையோடு எடைக்குப் போட்டார்கள்.

ஆறாம் நாள் மூன்றாம் டிஸ்க் மண்டையைப் போட்டது. மற்ற நான்கையும் கேட்டு எழுதியதில், ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி இருந்த இடத்தில் கேள்விக்குறிதான் நின்றது. சிலர் பிறப்பதற்கு முன்பே இறந்திருந்தார்கள்.

எட்டாம் நாள் விசாரணை.

"நான் முன்னாடியே எச்சரிச்சேன் சார்" என்றாள் கணினிக்காரி.

"எழுத்துல இருக்கா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"இல்லை சார். ஆனா இவங்க அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்ட சான்று இருக்கு."

"எங்கே?"

அதுவும் புதுப் பெட்டியில்தான் 'பத்திரமாக' இருந்தது.

"யாரும் சொல்லலை சார், அந்தப் பொண்ணு தானா பண்ணிடுச்சு" என்றார் முதல் அதிகாரி. இரண்டாமவரும் அதையே சொன்னார். நான்காமவரும் ஐந்தாமவரும் அதே சொற்களை, அதே இடத்தில் இருமிச் சொன்னார்கள். மூன்றாமவர் பல்வலி என்று லீவு. விசாரணை அதிகாரி கலங்கவில்லை. மற்ற நால்வர் சொன்னதை வைத்து, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தாமே எழுதிவிட்டார். மறுநாள் வந்த மூன்றாமவர் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்திட்டார்.

ஒன்பதாம் நாள் வேலைநீக்க ஆணையை வாங்கும்போது கணினிக்காரிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. வாசலில் நின்ற பியூனிடம் கேட்டாள்.

"அண்ணே, இவங்க அஞ்சு பேரும் எப்ப கூடிப் பேசினாங்க?"

"டிஸ்க் செத்த அன்னிக்கும்மா. டைரக்டர் ரூம்ல. நான்தான் டீ கொண்டுபோனேன்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"டீ ஆறலை."