இரண்டாவது மாடி ஹம்பக்கர்

"சார், எங்க வீட்டு அலமாரியில டம்ளரெல்லாம் ஆடுது!"

சனிக்கிழமை மத்தியானம் கிறிஸ்துதாஸ் கதவைத் திறந்ததும் காதில் விழுந்தது இதுதான். வாசலில் நின்றவர் கீழ்வீட்டு சம்பந்தம். வானகரத்தில் அந்த எட்டு வீட்டுக் குடியிருப்புக்கு அவர்தான் சங்கச் செயலாளர்.

கிறிஸ்துதாஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். வீட்டில் பன்னிரண்டு வருஷமாக எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறார். அதில் சத்தம் சவசவவென்று வருவதாக அவருக்கு நெடுநாள் குறை. தந்தியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். உள்ளே செப்புக் கம்பியைக் கூடுதலாகச் சுற்றிய 'ஹை அவுட்புட் ஹம்பக்கர்' என்ற பிக்கப் ஒன்றை வரவழைத்து, கிடாரோடு மாங்காட்டில் ஜம்புலிங்கத்தின் ரிப்பேர் கடையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை போனபோது கடையில் ஜம்புலிங்கத்தின் மனைவிதான் இருந்தாள். கிடாரை எடுத்துக் கொடுத்தாள். புது பிக்கப்பும் பார்க்கப் பழையது மாதிரியே இருந்தது. மேலே அதே வெள்ளி மூடி.

ஆனால் வாசித்தபோது அவருக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டார். "ஹெலினா, கேட்டியா? சிங்கம் மாதிரி கர்ஜிக்குது!"

நல்ல மனுஷன். அன்றைக்கே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியும் போட்டார்: 'என் கிடாரில் அதிக சக்தி வாய்ந்த ஹம்பக்கர் பொருத்தியுள்ளேன். தொந்தரவு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.'

மறுநாளே சம்பந்தம் வந்துவிட்டார்.

"பத்து நிமிஷம்தான் சார் வாசிச்சேன்."

"பத்து நிமிஷத்துக்கே இப்படியா?"

கிறிஸ்துதாஸ் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். உடனே மேல்வீட்டு சபீனா கைக்குழந்தையோடு இறங்கி வந்தாள்.

"அங்கிள், சத்தமா இருந்தப்பவே தேவலை. இப்ப அடிவயித்துல உறுமுது. பாருங்க, புள்ள முழிச்சிட்டான்."

"பாக்ஸைத் தூக்கி பாத்ரூம்ல வச்சுக் கதவைச் சாத்துங்க," என்றாள் ஹெலினா.

ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு கம்பளியில் சுற்றிக் குளியலறையில் வைத்தார். காற்றுப் போகிற சந்து வழியாக எட்டு வீட்டுக் குளியலறையிலும் கச்சேரி கேட்டது. இந்தத் தடவை சம்பந்தம் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் சோப்பு நுரையோடு வந்தார். நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை கிறிஸ்துதாஸ் கிடாரைத் தொடவே இல்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மனைவியோடு பூசைக்குப் போனார். திரும்பி வந்தால் மாடிப்படியில் கூட்டம்.

"ஒன்பது மணிக்கு மொட்டைமாடித் தண்ணி டேங்க்கே அதிர்ந்துது சார்!"

"ஒன்பதுக்கு நாங்க கோயில்ல இருந்தோமே," என்றாள் ஹெலினா.

சம்பந்தம் ஒரு கணம் யோசித்தார். "பாத்துக்குங்க. ஆஃப் பண்ணி வச்சே இப்படின்னா, அதுல எவ்ளோ பவர் இருக்கும்!"

சாயங்காலம் கீழே கார் நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். ஹெலினாவுக்கு முகம் வாடிவிட்டது. அக்கம்பக்கத்தில் இதுவரை ஒரு சொல் கேட்டதில்லை அவள். கிறிஸ்துதாஸும் தலையைக் குனிந்தபடிதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் மனசுக்குள் ஒரு நிறைவு. பன்னிரண்டு வருஷத்தில் அவர் கிடார் வாசிக்கிறார் என்பதையே யாரும் கவனித்ததில்லை. இன்றைக்கு எட்டு வீடும் பாயசம், பஜ்ஜி எதுவும் இல்லாமலே அவருக்காகக் கூடியிருக்கிறது.

"கிடாரே வேணாம்னு சொல்லல சார்," என்றார் சம்பந்தம். "பழைய பிக்கப்பையே போட்டுடுங்க. அது எவ்ளோ இதமா இருந்துது! ஒரு நாளாவது குறை சொல்லியிருக்கோமா?"

"ஆமா அங்கிள், அதுல புள்ள அழகா தூங்குவான்," என்றாள் சபீனா.

ஹெலினா அவரைப் பார்த்தாள். ஆசையைவிட வீட்டு நிம்மதி பெரிது என்று கிறிஸ்துதாஸ் முடிவு செய்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"ஜம்பு, அந்தப் புது ஹம்பக்கரைக் கழட்டிட்டுப் பழையதையே மாட்டணும்பா. இங்க பில்டிங்கே ஆடுது."

ஜம்புலிங்கத்தின் குரல் கூட்டம் முழுக்கக் கேட்டது.

"இன்னா அண்ணாத்தே வெளாடுற? நானே ஊர்லேர்ந்து இப்பதான் வந்துகினு கீறேன், உன் ஹம்பக்கர் பார்சல்கூட பிரிக்காம என் டேபிள் மேலயே கீது!"