படுக்க மறுத்த சுட்டுவிரல்

இடது மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. ஆரோக்கியசெல்வம் லூட்டை மடியிலிருந்து இறக்காமலே கையை உதறினான். திராட்சைப் பெட்டி ஏற்றி ஏற்றிக் காய்த்த கை. எவ்வளவு சுமையும் தாங்கும். ஆனால், சுட்டுவிரலை எல்லாத் தந்தியின் மேலும் குறுக்கே படுக்கப் போட்டு, அதே நேரம் சுண்டுவிரலைத் தள்ளி எட்டி வைக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறது. பல தந்தி ஒன்றாக ஒலிக்கிற அந்த ஒரு கார்டில்தான் பாட்டு முட்டிக்கொண்டு நின்றது.

லூட் ஐரோப்பாவின் ஆதிகால வாத்தியம். பாதியாகப் பிளந்த பப்பாளி மாதிரி முதுகு. ஜோடி ஜோடியாகத் தந்தி. கோட்டயத்தில் பழசாக வாங்கியது. கொச்சியில் பழைய தேவாலய இசை வாசிக்கும் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். இன்று சாயங்காலத்துக்குள் வீடியோ அனுப்ப வேண்டும். இடம் கிடைத்தால் பெட்டி சுமப்பதற்கு முழுக்கு.

"வெரலு மரக்கட்டையா இருக்கு" என்று தேங்காய் எண்ணெயைத் தடவினான். விரல் இளகவில்லை. தந்தியில் வழுக்கிக்கொண்டு போனது.

தோட்டத்திலிருந்து வந்த மனைவி ஜாய்ஸ் மூக்கைச் சுளித்தாள். "வாசிக்கப் போறீகளா, வடை சுடப் போறீகளா?"

"சும்மா இரு. சுண்டுவிரலு எட்டல. அதான் சிக்கல்."

லூட்டின் கழுத்தைச் சுற்றி, வீணையின் மெட்டு மாதிரி, நரம்பால் கட்டுகள் போட்டிருக்கும். விரல் எட்டாவிட்டால் கட்டை இந்தப் பக்கம் நகர்த்தினால் என்ன? நகர்த்தினான். சுண்டுவிரல் எட்டியது. மற்ற கார்டெல்லாம் ஆட்டுக்கிடை மாதிரிக் கத்தின. திரும்பத் தள்ளும்போது கட்டு அறுந்தது. திராட்சைக் கொடி கட்டும் நூலை எடுத்துப் புதிதாகக் கட்டினான். அமுக்கியதும் அது நழுவி ஓடியது.

ஜாய்ஸ் குனிந்து பார்த்தாள். "கொடி பருக்க எடம் விட்டுல்ல கட்டிருக்கீக! இந்தக் கழுத்து என்ன, அடுத்த வருசம் பருக்கவா போகுது?"

அவளே இறுக்கிக் கட்டினாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு செய்யி ஜாய்ஸ். அந்தக் கார்டு வர்றப்ப சுட்டுவிரல நீ வையி. மிச்சத்த நான் பாத்துக்கிறேன். கேமராவுல தெரியாம ஒளிஞ்சுக்க."

முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் கையை நுழைத்தாள். தந்திகள் மணி மாதிரி ஒலித்தன. அனுப்பிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் கொச்சிக் குழுவின் வாத்தியாரே அழைத்தார். ஆரோக்கியசெல்வம் ஸ்பீக்கரில் போட்டான்.

"வீடியோ கண்டு. அதுல மூணு கை உண்டல்லோ?"

"அது... வீட்டுக்காரி, மாஷே. கொசு அடிக்க வந்தா."

"கொசு அடிக்கிற கை, கட்டைவிரலை லூட் கழுத்துக்குப் பின்னால கொடுக்காது. கட்டுக்கு ஒட்டி இத்தனை மெதுவா விரலும் வைக்காது. லூட்டை அவங்க கையில கொடுங்க."

ஜாய்ஸ் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பாட்டு முழுவதும் வாசித்தாள். அந்தக் கார்டு வந்தது. சுட்டுவிரல் பாய் விரித்த மாதிரிப் படுத்தது. சுண்டுவிரல் தாவிப் போய் உட்கார்ந்தது. ஒரு தந்திகூட முனகவில்லை.

"மதி, போதும்!" என்றார் வாத்தியார். "ஞாயிறாழ்ச்ச கொச்சிக்கு வரணும். நீங்க இல்ல, அவங்க."

ஆரோக்கியசெல்வம் ஒரு கணம் திகைத்தான். பிறகு துள்ளிக் குதித்தான். தெருவுக்கே ஓடினான்.

"எம் பொண்டாட்டி செயிச்சுட்டா! கொச்சிக்குப் போறா! ஒரு நாள் தொட்டதில்ல, கேட்டுக்கோங்க. பிறவி வித்தை! நான் வாசிச்சதக் காதால கேட்டே கத்துக்கிட்டா!"

சனம் கைதட்டியது. ஜாய்ஸோடு தோட்டத்தில் வேலை செய்யும் சுருளியம்மாள் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கேட்டுக் கத்துக்கிட்டாளாக்கும்! நீ பெட்டி ஏத்தப் போன மத்தியானமெல்லாம் அவ இங்கன உக்காந்து வாசிச்சா. அங்கன அவ பங்குக் கொடிக்கும் நான்ல கவாத்து வெட்டுனேன். அந்த வேல எனக்குப் பாக்கி நிக்குது. அவ போகட்டும், நீ கத்திரிய எடுத்துக்கிட்டு நாளைக்கு வெள்ளன வந்துரு."