ஓர் அங்குலம்கூட இறங்காத ஜீப்

உயிரே போனாலும் ஜீப்பை ஓர் அங்குலம்கூட இறக்குவதில்லை என்று வாஞ்சிநாதன் தீர்மானம் செய்தது 1983-ம் வருஷம் ஒரு புதன்கிழமை காலை, இரண்டாவது காபிக்கும் மூன்றாவது காபிக்கும் நடுவில். சர்க்கார் கடிதம் அப்போதுதான் வந்திருந்தது.

ஜீப்பின் உயரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மட்டாஞ்சேரியில் மிளகு புரோக்கரான வாஞ்சிநாதனிடம் அதற்கு முன் ஒரு அம்பாசடர் இருந்தது. பெயருக்குத்தான் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மனைவி கமலாக்ஷி, அவள் அம்மா, இடப்பள்ளியிலிருந்து அக்கா, அத்திம்பேர், கலூரிலிருந்து அண்ணா, மன்னி என்று ஆறு பேர் அதில் ஏறிவிடுவார்கள். சோற்றானிக்கரை, குருவாயூர், இல்லாவிட்டால் யார் வீட்டிலோ சீமந்தம். டிரைவர் வாஞ்சிநாதன். அவருக்குப் பேச உரிமையுண்டு, கேட்கத்தான் ஆள் கிடையாது.

அம்பாசடரை விற்றார். ஏலத்தில் வந்த பட்டாள ஜீப் ஒன்றை வாங்கினார். கலூரில் பட்டறை வைத்திருந்த மதுரைக்காரன் சுப்புராஜிடம் விட்டு, ஸ்பிரிங்குக்குக் கூடுதலாக நாலு பட்டை போட்டு, லாரி டயர் மாட்டி, ஒன்றரை அடி தூக்கச் சொன்னார். கேட்டவர்களிடம், மழைக்காலத்தில் கடைத்தெருவில் தண்ணீர் ஏறுகிறது, அதற்காக என்றார். உண்மை வேறு. புடவை கட்டியவர்கள் ஏற முடியாத வண்டி அவருக்கு வேண்டியிருந்தது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று கமலாக்ஷி அதை ஒரு பிரதட்சிணம் வந்தாள். கால் வைக்க வேண்டிய இடம் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது.

"ஏன்னா, இதுல எப்படி ஏறறது?"

"கஷ்டம்தான்."

"ஒரு இரும்புப் படி வச்சுட்டா?"

"வைக்கப்படாது. சட்டம் இருக்கு."

"படிக்குக்கூடவா?"

"கவர்மென்ட் எதுக்குத்தான் சட்டம் போடலை? படி வச்சா ரிஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணிடுவான்."

"சட்டம்னா சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதினைந்து வருஷ தாம்பத்தியத்தில் அவள் இத்தனை சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டார்.

அதன்பின் ஞாயிறுதோறும் மிளகு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கும்பளங்கிக்குப் போனார். கும்பளங்கியில் மீன் உண்டு, மிளகு கிடையாது. அங்கே ஸ்நேகிதர் வெங்கிட்டு வீட்டு மாமரத்தடியில் ஐம்பத்தாறு என்கிற சீட்டாட்டம். காசு வைப்பதில்லை. தோற்றவர் காதில் பலா இலையைக் குணுக்காகத் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்கார வேண்டும், அவ்வளவுதான். வாஞ்சிநாதன் அநேகமாகக் குணுக்கோடுதான் இருப்பார். ஆனாலும் ஏழு நாளில் அவர் பேச்சை யாரும் குறுக்கே வெட்டாத ஒரே இடம் அது. அதற்காக இரண்டு காதிலும் பலாமரத்தையே கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஒரு ஞாயிறு சாயங்காலம் இலையைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"காதுல என்னன்னா?"

"காத்துல பறந்து வந்து ஒட்டிண்டிருக்கும்."

கமலாக்ஷி இலையை எடுத்து, திருப்பிப் பார்த்து, ஜன்னல் கம்பியில் செருகி வைத்தாள்.

இப்போது இந்தக் கடிதம். அது மலையாளத்தில் இருந்தது. செங்கோட்டையிலிருந்து வந்து இருபது வருஷமாகியும் வாஞ்சிநாதனுக்கு மலையாளம் வாயோடு சரி. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பஸ்ஸை நிறம் பார்த்துத்தான் ஏறுவார். இந்த ரகசியம் பாலக்காட்டில் மலையாளம் படித்த கமலாக்ஷிக்கு மட்டும் தெரியும். வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் அவள் வாசிப்பாள், அவர் கேட்டுக்கொள்வார்.

"அனுமதி இல்லாம வண்டியை உசத்தியிருக்கேளாம். சனிக்கிழமை காலம்பற ஃபோர்ட் கொச்சி மைதானத்துல இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டணுமாம். வண்டி புஸ்தகத்துல இருக்கற உயரத்துக்கு மேல இருந்தா ரிஜிஸ்ட்ரேஷன் ரத்து."

"அவ்வளவும் எழுதியிருக்கா?"

"இன்னும் கடுமையா எழுதியிருக்கு. நான் குறைச்சுச் சொல்றேன்."

மூன்றாவது காபியில் அவருக்கு யோசனை பிறந்தது.

"பாரம் ஏத்தினா ஸ்பிரிங் அமுங்கும். பத்து மூட்டை மிளகை ஏத்திண்டு போறேன். அவன் அளந்துட்டுப் போகட்டும். மூட்டையை இறக்கினா வண்டி தானா எழுந்து நிக்கும்!"

"மூளைன்னா இதுன்னா மூளை! ஆனா சொந்த ஜீப்புல சரக்கு ஏத்தினா அது வேற கேஸாயிடாதோ?"

வாஞ்சிநாதன் இதை நினைக்கவில்லை.

"மனுஷாளை ஏத்தினா கேஸ் இல்லை" என்றாள்.

"அத்தனை பாரத்துக்கு மனுஷாளுக்கு எங்கே போறது?"

கமலாக்ஷி சுவரில் மாட்டியிருந்த தன் பிறந்த வீட்டு குரூப் போட்டோவைப் பார்த்தாள். வாஞ்சிநாதனும் பார்த்தார்.

"அத்திம்பேரே ரெண்டு மூட்டை இருப்பார்" என்று அவர் வாய் தன்னிச்சையாகச் சொல்லிற்று. "அவாள்ளாம் எப்படி ஏறுவா?"

"சுப்புராஜை ரெண்டு பக்கமும் படி வைக்கச் சொல்லுங்கோ. ஒரு நாளைக்குத்தானே? சாயங்காலம் கழட்டிட்டாப் போச்சு. அடடா, படிக்குச் சட்டம் இருக்குன்னேளே!"

"ஒரு நாளைக்குப் பரவாயில்லை" என்றார் அவசரமாக.

சனிக்கிழமை ஆறு பேரும் படியில் கால் வைத்து ஏறினார்கள். அத்திம்பேர் உட்கார்ந்தபோது ஜீப் ஒருமுறை முனகிவிட்டுத் தாழ்ந்தது. மைதானத்தில் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார் வாஞ்சிநாதன்.

இன்ஸ்பெக்டரிடம் அளக்கிற டேப்பே இல்லை. குனிந்து படியைப் பார்த்தார். காலால் இரண்டு மிதி மிதித்தார். வண்டியின் புத்தகத்தை வாங்கி ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சாரே, உயரம் அளக்கலையே?" என்று மனசு கேட்காமல் கேட்டார் வாஞ்சிநாதன்.

"உயரத்துக்கு மே மாசமே அனுமதி கொடுத்தாச்சல்லோ! உங்க பட்டறைக்காரன் வந்து வாங்கிப் போனானே. இந்தப் புக்குக்குள்ளதான் இருக்கு, பாருங்க."

வாஞ்சிநாதன் உள்ளே இருந்த தாளைப் பிரித்து, படித்துப் புரிந்துகொண்டவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

"அப்போ... கடுதாசி?"

"அது படி வைக்கச் சொல்லி அனுப்பினது. உங்க வீட்டு அம்மா எழுதிக் கேட்டிருந்தாங்க, ஜீப்புக்குப் படி வைக்கக் கூடாதுன்னு சட்டம் உண்டோன்னு. எந்த மண்டன் சொன்னானோ! இத்தனை உயரத்துக்குப் படி இல்லாம ஓட்டவே கூடாது சாரே. புக்கிலயும் எழுதியாச்சு. இனி படியைக் கழட்டினா வண்டி என் ஆபீஸ்லதான் நிக்கும், கேட்டோ?"

வாஞ்சிநாதனுக்கு அழுகை வந்தது. நடு மைதானமாயிற்றே என்று அடக்கிக்கொண்டு திரும்பினார். ஜீப்பிலிருந்து ஆறு முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மாப்பிள்ளே, அந்தக் காரைவிட இது எவ்வளவோ தேவலை. காத்து நன்னா வரது" என்றாள் மாமியார்.

கமலாக்ஷி தள்ளி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"பாத்து ஏறுங்கோன்னா, படி இருக்கு. நாளைக்கு நாங்க ஆறு பேரும் கும்பளங்கிக்கு வரோம்னு வெங்கிட்டு ஆத்துக்குச் சொல்லி அனுப்பியாச்சு. உங்க காதுக்குப் பலா இலை நானே பறிச்சு வச்சிருக்கேன்."