மந்திரி சுட்ட மரப்பறவை

பறவை பத்தரை மணிக்கு விழுந்தது என்று என் நினைவு. பதினொன்று என்கிறாள் என் மனைவி. என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் விழுந்தது நிச்சயம்.

ஜெர்மனியின் சாவர்லாந்து மலைப்பகுதியில் எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கம் நடத்தும் திருவிழாவில் உயரமான கம்பத்தின் உச்சியில் மரப்பறவை ஒன்றை வைப்போம். அதைச் சுட்டு வீழ்த்துபவர் ஓராண்டுக்கு ஊர் ராஜா. மரியாதைக்காக முதல் குண்டைப் பாதிரியாரும் அடுத்ததை வேளாண் அமைச்சர் ஹூபர்ட்டஸ் ரென்ஸிங்கும் சுடுவார்கள். ரென்ஸிங் எங்கள் ஊர்க்காரர். ஊராட்சி உறுப்பினராக இருந்த காலம் முதல் வேண்டுமென்றே தள்ளித்தான் சுடுவார். பழமைவாதக் கட்சியில் அவர் உயர்ந்ததும் அப்படித்தான். முப்பது வருஷமாக யாரையும், எதையும் கீழே தள்ளியதில்லை.

அன்று பறவை தொப்பென்று விழுந்தது.

"ராஜா வாழ்க!" சங்கத் தலைவர் எங்கல்பெர்ட், ராஜா கழுத்தில் போடும் வெள்ளிச் சங்கிலியோடு ஓடி வந்தார்.

"டேய், நான் மேகத்தைப் பார்த்துடா சுட்டேன்! காத்துல விழுந்திருக்கும்."

"காத்து நம்ம சங்கத்துல மெம்பர் இல்லப்பா. குனி."

"சாயங்காலம் பெர்லின்ல அமைச்சரவைக் கூட்டம். போகலேன்னா சான்சலர் என் பதவியைப் பிடுங்கிடுவார்! ஃபாதர், நீங்க சுட்டதுலதான் அது ஆட்டம் கண்டுச்சு. நீங்களே ராஜாவா இருங்க."

"இருக்கலாம்ப்பா. ராணிக்கு எங்கே போறது?" என்றார் பாதிரியார்.

கூட்டம் சிரித்தது. ரென்ஸிங் அதையே பிடித்துக்கொண்டார்.

"அதான் நானும் சொல்றேன்! மெஷ்டில்ட் மூன்ஸ்டர்ல அக்கா வீட்ல இருக்கா. ராணி இல்லாம ராஜா கிடையாது. சங்கத்துச் சட்டம்!"

கூட்டம் விலகியது. தரை தொடும் பச்சைப் பட்டுக் கவுனில் அவர் மனைவி நின்றாள்.

"வந்துட்டேன். பேசாம குனி, ஹூபர்ட்."

அப்போதுதான் கம்பத்தடியில் நின்ற தச்சர் கோர்ட்டின் கையில் மீன்பிடி நரம்பு தொங்குவதை ரென்ஸிங் பார்த்தார்.

"நீயா இழுத்தே? ஏண்டா?"

கோர்ட் தொப்பியைக் கழற்றினார்.

"ஏழு மணி ரேடியோல சொன்னான். நீ போனை அணைச்சிட்டு பூசைல இருந்தே. மெஷ்டில்டுக்குத்தான் சொல்லி வரவெச்சேன். உன் பதவியைக் காலையிலேயே பிடுங்கிட்டாங்க, ஹூபர்ட். திங்கட்கிழமையும் அதுவுமா ஒரு மனுஷன் வேலையில்லாம நிக்கலாமா?"

ரென்ஸிங் வெற்றுக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நன்றிடா" என்று சொல்லிக் குனிந்தார்.

வேளாண் துறை வேறொருவருக்குப் போனது. ரென்ஸிங் அந்த ஆண்டு முழுக்க ராஜாவாக இருந்தார். அதன் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. மெஷ்டில்ட் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். கோர்ட் சென்ற நவம்பரில் இறந்தார். சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர் ரென்ஸிங்.