மேரி உத்தரவு

உலகத்தில் சூசைநாதன் பயந்தது இரண்டு மேரிக்கு. ஒன்று, வில்லியனூர் கம்யூன் கச்சேரி, அதாவது ஊர்ச்சபை அலுவலகம். பிரெஞ்சுக்காரன் அதற்கு வைத்த பெயர் மேரி. மற்றது, கன்னியர் மடத்தில் பிரெஞ்சு படித்துவிட்டு வந்த அவன் பெண்டாட்டி அந்தோணி மேரி. கச்சேரிக்காவது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு.

அப்படிப்பட்டவன் ஒரு தீர்மானம் செய்துவிட்டான். பதிமூன்று வயது மகள் தெரேசாளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, பாகூர் மரியதாசுக்குக் கட்டிக்கொடுப்பது. மாப்பிள்ளைக்கு வயசு முப்பத்தெட்டு. பல் அதில் பாதி.

மேரி கத்தித் தீர்த்தாள்.

"நான் ஆம்பளை. சொன்னா சொன்னதுதான்" என்றான் சூசைநாதன், தெருவில் இறங்கி நின்றுகொண்டு.

மறுநாளே அவன் அரிசிக்கடைக்குக் கச்சேரியிலிருந்து சிவப்புத் தொப்பிச் சிப்பாய் வந்து ஒரு காகிதம் கொடுத்துப் போனான். முழுக்கப் பிரெஞ்சு. சூசைநாதனுக்கு அதில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் போன வாரம்தான், அளவு குறையட்டும் என்று, அரிசி அளக்கும் படியின் அடியை உள்பக்கமாகக் குத்தி வைத்திருந்தான். வீட்டுக்கு ஓடினான்.

"இன்னா மேரி போட்டிருக்கு?"

அவள் வாசிக்க வாசிக்க முகம் இறுகியது.

"முதல் ஷரத்து. படிக்கெல்லாம் முத்திரை வாங்கணும். அடி குத்தின படின்னா ஜெயில்."

"ஐயோ! அப்புறம்?"

"பதினெட்டு ஆகாத பொண்ணு படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணா, அப்பனுக்கு ஆறு மாசம்."

"படியைப் பத்தின காகிதத்துல படிப்பு எங்கடி வந்துச்சு?"

"படி வந்தா படிப்பு வராதா? மூணாவது, பெண்டாட்டி பிள்ளைங்களைக் கண்கலங்க வைக்கிறவனைக் கப்பல்ல ஏத்துவாங்க."

"எந்த ஊருக்கு?"

"ஊரு போடல. கப்பல் மட்டும்தான் போட்டிருக்கு."

சூசைநாதன் தூணைப் பிடித்துக்கொண்டான். "நெசமாவே மேரி உத்தரவா?"

"மேரி உத்தரவுதான். சிலுவை மேல சத்தியம்."

அப்போதே பாகூருக்கு வண்டி கட்டினான். சம்பந்தத்தை முறித்தான். கப்பல் என்றதும் மரியதாஸ் மிச்சமிருந்த பல்லும் தந்தியடிக்க, "எனக்கும் வேணாம்பா" என்றான்.

வீடு திரும்பியதும் படியை வெளிப்பக்கமாகத் தட்டினான். பயத்தில் தட்டிய தட்டில் அடி புடைத்து, ஒரு பிடி அரிசி கூடவே கொண்டது. அந்தப் படியைத் துண்டில் மறைத்துக்கொண்டு முத்திரைக்காகக் கச்சேரிக்குப் போனவன், மற்ற இரண்டு ஷரத்தையும் விசாரித்தான்.

"ஒரே ஷரத்துதான்யா, படிக்கு முத்திரை" என்றார் குமாஸ்தா. "பொண்ணாவது, கப்பலாவது! எவன் சொன்னான்?"

சூசைநாதன் வீடு வரைக்கும் கர்ஜித்துக்கொண்டே வந்தான்.

"பொய்ச் சத்தியம் பண்ணிட்டியேடி!"

"இன்னா பொய்? மேரி உத்தரவுன்னேன். எம் பேரு இன்னா?"

சூசைநாதன் படியைத் தரையில் வைத்தான்.

"போங்க, வண்டியைக் கட்டுங்க. பாகூருக்குத் திரும்பிப் போயி, பெண்டாட்டி என்னை ஏமாத்திட்டான்னு நாலு பேரு கேக்கச் சொல்லிட்டு வாங்க."

வண்டி கட்டவில்லை. தெருவில் வந்து நின்றான்.

"இன்னா சூசை, கல்யாணம் நின்னுபோச்சாமே?" என்றான் அடுத்த வீட்டு நடேசன்.

"மேரி உத்தரவுப்பா. மீற முடியாது."

கடை வைத்த நாளிலிருந்து சூசைநாதன் பேசிய முதல் உண்மை அதுதான்.