ஊசி மாஸ்டரும் பட்டுக் கொடியும்

விவேக் நகரில் மனிதர்களைவிடத் துணிகளுக்கு அதிக மரியாதை கொடுத்த ஒரே ஆள் ஊசி மாஸ்டர்தான்.

சர்ச்சுக்குப் போகும் தெருவில் ஃப்ரேம் கடை வைத்திருந்தார். சாமி படத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் கண்ணாடி போடுவதை அவர் வேலையாகவே மதிக்கவில்லை. பட்டு, லேஸ், பூவேலை செய்த மஸ்லின் என்றால்தான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்திருப்பார். பசை என்ற சொல்லையே கடையில் உச்சரிக்கக் கூடாது. குழந்தையின் ஞானஸ்நான கவுனை அட்டையில் ஒட்டித் தரச் சொன்ன அம்மாவிடம், "நீங்க சேலைய உடம்புல ஒட்டிக்கிட்டா வந்தீங்க?" என்று கேட்டவர். தலைமுடி போன்ற நூலால் தைப்பார். கண்ணாடி துணியைத் தொடாதபடி ஓரங்களில் மெல்லிய கட்டை வைப்பார்.

வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் வாசல் குழாயில் கை கழுவ வேண்டும். ஒருமுறை யூனிபாரத்தோடு வந்த இன்ஸ்பெக்டரின் கையை முகர்ந்துவிட்டு, "மசால் தோசை. சோப்பு அங்க இருக்கு சார்" என்றார். இன்ஸ்பெக்டர் கழுவினார்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓய்வு பெற்ற கையோடு நான் எங்கள் வாசகசாலைக்குச் செயலாளரானேன். வாசகசாலை தொடங்கிய காலத்துப் பட்டுக் கொடி அங்கே நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. முறைப்படி மூன்று கொட்டேஷன் கேட்டேன். மற்ற இரண்டு கடைக்காரர்களும் 'ஊசியிடமே கொடுங்கள்' என்று எழுதித் தந்தார்கள்.

வேலை முடிந்ததும் மாஸ்டர் சொன்னார்: "பின்னாடி சீல் பண்ணிட்டேன் சார். இனிமே காத்து கூட உள்ள போவாது."

திறப்பு விழாவில் எங்கள் வார்டு கார்ப்பரேட்டர் திரையை இழுத்தார். கைதட்டல். கண்ணாடிக்கு உள்ளே, கொடியின் நடுவில், ஒரு கரப்பான் குஞ்சு நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கார்ப்பரேட்டர் குனிந்து பார்த்தார். "என்ன சுவாமி, இதுவும் அந்தக் காலத்துதா?"

கூட்டம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. எனக்குக் காது சுட்டது. திரும்பிப் பார்த்தேன். மாஸ்டரின் நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் வந்து சட்டத்தைப் பிரித்தார். கொடிக்குச் சேதமில்லை. அட்டை ஓரத்தில் ஒரு பன் துணுக்கு இருந்தது.

"சீல் பண்றதுக்கு முன்னாடி பசி தாங்கல சார். மேஜை மேலயே வச்சுத் தின்னுட்டேன். ஊரையே கை கழுவச் சொன்னவன்..."

கொடியைச் சுத்தமாக்கி மறுபடி மூடிக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினார். பிறகு அந்தத் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டார். பால் வாங்கக்கூடச் சுற்றிப் போனார். ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் ஏதோ ஃபேக்டரியில் வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கிறார் என்று செய்தி வந்தது.

கமிட்டியைக் கூட்டினேன். 'மேற்படி கரப்பான் கமிட்டியின் அனுமதியின்றி நுழைந்தது. மாஸ்டர் பொறுப்பல்ல' என்று தீர்மானம் போட்டு, நகலை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அது மேல பழி போடாதீங்க சார். அது பன்னுக்குத்தான் வந்துது."

எனக்குத் தெரிந்த நடைமுறைகள் அத்தோடு தீர்ந்தன. ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் போர்த்திய சால்வையை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

"இத ஃப்ரேம் போட்டுத் தரணும் மாஸ்டர்."

விரலால் தடவிப் பார்த்தார். "முழுக்க பாலியஸ்டர். இதக் கரப்பான் மோந்துகூடப் பாக்காது சார்."

"அதனாலதான் கொண்டாந்தேன்."

சால்வையை ஓரம் பார்த்து மடித்துக்கொண்டார். பிறகு ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்தார். தெருவில் யாராவது அந்தக் கரப்பான் பேச்சை எடுத்தால் முதலில் என்னிடம் எடுக்கட்டும் என்று, கடை வரைக்கும் அவருக்கு அரையடி முன்னாலேயே நடந்தேன்.